பதினோரு நொடி நீலப் புகை

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தேன். டீ குடித்தேன். கொட்டகையைத் திறந்து தார்ப்பாயை உருவினேன். சோக்கை இழுத்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். குளித்தேன். இரண்டு துண்டு பிரெட் தின்றேன்.

எட்டு மாதமாக இதுதான் என் காலை. நீலகிரி வெலிங்டனில் மூடுபனி இரும்புக்குள்ளும் போய் உட்காரும். அதனால் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் காலையில் ஒருமுறை எஞ்சினைச் சூடாக்கிவிடுவார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. அன்றும் நான் யோசிக்கவில்லை. அன்று ஒரு நாள் செய்திருக்கக் கூடாது.

வண்டி 1964 எம்.ஜி. மிட்ஜெட். இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நான்கு வருடம் முன்பு கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவின் விறகுக் கொட்டகையில் கிடந்தது. நானும் என் மனைவி ரேணுகாவும் சேர்ந்து வாங்கினோம். எஞ்சினும் கியரும் என் வேலை. இருக்கைத் தையல், போட்டோ, வீடியோ எல்லாம் அவள் வேலை. விற்றால் அந்தப் பணத்தில் அவளுடைய அப்பா அம்மாவுக்கு வீடு வாங்குவது என்று பேசியிருந்தோம். அவள் இறந்ததால் அது மாறவில்லை.

அவளுடைய அப்பா, செல்லதுரை மாமா, சேரம்பாடியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பந்தலூரில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தோம். பதினான்கு லட்சம். அதனால் இணைய ஏலத்தில் வண்டிக்கு நான் வைத்த அடிவிலையும் பதினான்கு. அதைத் தொடாவிட்டால் வண்டி விற்காது. வீடும் இல்லை.

ஏலம் ஏழு நாள். அன்று மதியம் ஒரு மணிக்கு முடிகிறது. காலை ஒன்பது மணிக்குக் கேட்பு ஒன்பதரை லட்சத்தில் நின்றது. இரண்டு நாளாக அங்கேயே நின்றது.

மாமா முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிட்டார். லேப்டாப் முன்னால் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். எதையும் தொடவில்லை.

ஒன்பதரைக்கு ஆறுக்குட்டி வந்தார். கோயமுத்தூரில் பழைய கார் புரோக்கர். இருபது வருடமாக நீலகிரியில் எந்தப் பழைய வண்டிக்கும் அவர் சொன்னதுதான் விலை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார், டயரை ஒரு உதை உதைப்பார், ஒரு தொகை சொல்வார். வேறு யாரைக் கேட்பது என்று தெரியாததால் எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். கையில் ஒரு ரெக்ஸின் பை வைத்திருந்தார்.

“ஏனுங்க பாலு, ஒம்பதரைலயே உக்காந்திருக்குதுங்களா?”

“ஆமாங்க.”

“இதுல பத்து இருக்குது. எண்ணிக்குங்க. கம்ப்யூட்டர மூடிருங்க.”

“பதினாலு வேணுங்க.”

“பதினாலா? இதுல ரெண்டு பேருதானுங்க உக்கார முடியும். பதினாலு குடுக்கறவன் பொண்டாட்டிய முன்னால வெச்சுட்டு மாமியார டிக்கியிலயா போடுவான்?”

மாமா சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“சிரிங்க மாமா” என்றேன்.

ஆறுக்குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “நல்லதுக்குத்தான் சொல்றனுங்க. ஒருக்கா நெட்டுல போட்டு விக்காமப் போன வண்டிய ஊரே பாத்திருக்கும். ஒம்பதரைக்கு மேல ஒருத்தனும் கேக்கலைன்னு அங்கயே எழுதியிருக்கும், அழிக்க முடியாது. நாளைக்கு நான் ஏழுன்னு சொன்னாலும் நீங்க குடுத்துத்தான் ஆகோணும்.”

அவர் சொன்னது சரி. ஏலத்தில் தோற்ற விலை வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து வருகிறவன் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

ஏன் நின்றது என்று பார்க்க, ஏலத் தளத்தில் வண்டிக்குக் கீழே வந்திருந்த கேள்விகளைப் படித்தேன். இரவு நான் பார்க்கவில்லை. பூனாவில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ‘எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யும் வீடியோ ஏன் இல்லை? எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறவர் இதற்கு மட்டும் ஏன் பேசவில்லை?’ அதன் கீழே வேறொருவர்: ‘புகை வரும். மறைக்கிறார்.’ அதன் கீழே ஒன்பது பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

கொட்டகைக்குப் போய், பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வைத்தேன். இன்னும் இளஞ்சூடு. சூடு இருந்தால் அந்தப் புகை தெரியாது; முழுக்க ஆற ஒரு இரவு நிற்க வேண்டும். ஏலம் முடிய மூன்று மணி நேரம் இருந்தது.

வீடியோ ஒன்று இருந்தது. ரேணுகாவின் போனில்.

மார்ச் மாதம், ஒரு காலை ஆறரை மணிக்கு அவள் எடுத்தது. நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். அவள் வண்டிக்குப் பின்னால் நின்றாள். எஞ்சின் சத்தத்தில் அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் அவள் கையை ஆட்டுவது தெரிந்தது. அணைத்தேன். அவள் உள்ளே போனாள். நான் கார்புரேட்டரைக் கழற்றி உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து நான் போனபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். கண் திறக்கவில்லை, பேசவில்லை.

அத்தை ராக்கம்மா துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மகள் கடைசியாக ‘அம்மா’ என்று கூப்பிட்டதாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

அந்த வீடியோவை நான் திறந்ததில்லை.

போன் அலமாரியில் இருந்தது. சார்ஜ் ஏறும் வரை மூன்று பேரும் டீ குடித்தோம். பத்து நாற்பதுக்கு, வீடியோவை ஓட்டிப் பார்க்காமலே தளத்தில் ஏற்றினேன். புகை வரும் என்று எனக்குத் தெரியும். அவர்கள் அதைப் பார்க்காவிட்டால் ஒன்பதரை. பார்த்தால் அதுவும் இல்லாமல் போகலாம். ஆனால் மறைக்கிறேன் என்று எழுதியிருந்தார்கள்.

“புகையக் காட்டியா விப்பீங்க?” என்றார் ஆறுக்குட்டி. “பஞ்சாயத்துல போயி நாந்தான் திருடுனேன்னு சொல்ற மாதிரி இருக்குதுங்க.”

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பூனாக்காரர் எழுதினார்: ‘நீலப் புகை, பதினோரு நொடி. அப்புறம் சுத்தம். வால்வு கைடு தேய்ந்து எண்ணெய் கசிகிறது. நான்கு நாள் வேலை. காட்டியதற்கு நன்றி.’

அவரே பத்து லட்சம் போட்டார். ஜெய்ப்பூரிலிருந்து பத்தரை வந்தது. பூனா பதினொன்று. பெயர் தெரியாத ஒருவர் பதினொன்றே முக்கால். திரையில் எண் மாறும்போது சத்தமே இல்லை. மாமா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார்.

“மகன், இந்த ஆக்கள் எல்லாம் எங்க இருக்காங்க?”

“ஒவ்வொரு ஊர்ல மாமா.”

“ஒருத்தர ஒருத்தர் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாத ஆக்கள் எல்லாம் சேந்து நம்ம வாகனத்தையா பாக்குறாங்க?”

பன்னிரண்டு நாற்பதுக்குப் பதின்மூன்று லட்சத்து இருபதாயிரம். அங்கே மறுபடியும் நின்றது. ஜெய்ப்பூர்க்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ‘வீடியோவின் கடைசியில் ஒரு பெண் ஏதோ சொல்கிறார். உடனே எஞ்சினை அணைக்கிறீர்கள். என்ன சொல்கிறார்? பழுது ஏதாவதா? உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்துப் போடவும்.’

ஆறுக்குட்டி படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“எஞ்சின் நல்லா ஓடுதுன்னு சொல்லுதுன்னு போட்டு உடுங்க. அவனுக்குத் தமிழ் தெரியப்போகுதா?”

“என்ன சொன்னான்னு எனக்கே தெரியாதுங்க.”

மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே பனி இறங்கிப் பக்கத்து வீட்டுச் சுவர் காணாமல் போயிருந்தது.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினேன். வண்டியின் பின்பக்கம். சோக் இழுக்கும் சத்தம். எஞ்சின் இரண்டு முறை இருமி, பிடித்தது. நீலப் புகை வந்தது. கேமரா அதைவிட்டு நகரவே இல்லை. புகை நின்ற பிறகும் சைலன்ஸரையே காட்டிக்கொண்டிருந்தாள், பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக. பிறகு அவள் குரல், போனுக்கு மிகப் பக்கத்தில், தெளிவாக. எஞ்சின் அணைந்தது. முடிந்தது.

இன்னொரு முறை ஓட்டினேன். பிறகு அவள் சொன்னதை ஆங்கிலத்தில் அப்படியே தட்டினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. பேசுவது என் மனைவி என்று மட்டும் சேர்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்து மூன்று.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் பதின்மூன்றரை. ஐம்பத்தெட்டுக்குப் பதினான்கு. எண்ணின் கீழே இருந்த சிவப்பு எழுத்து மறைந்து, அடிவிலை எட்டியது என்று பச்சையில் வந்தது.

“வந்துருச்சு மாமா” என்றேன். “வீடு ஆயிருச்சு.”

மாமா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார்.

அத்தோடு முடியவில்லை. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால், கடிகாரம் மறுபடியும் இரண்டு நிமிடத்துக்குப் போய்விடும். அது விதி. எனக்குத் தெரியும். ஆனால் பார்த்ததில்லை. ஒரு மணி வந்தது, போனது. இரண்டு நிமிடம் ஓடி ஆறு நொடிக்கு வரும். முடிந்தது என்று நினைப்போம். எண் மாறும். மறுபடியும் இரண்டு நிமிடம். பதினைந்து. பதினாறே கால். பதினெட்டு. யாரும் முகம் காட்டவில்லை. யாரும் வண்டியைத் தொட்டதில்லை. இந்த மலைக்கு வந்திருக்கக்கூட மாட்டார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க, விறகுக் கொட்டகையில் கோணிப்பைக்குக் கீழே கிடந்த இரும்பு வேறொன்றாக ஆகிக்கொண்டிருந்தது. நான் கழற்றி மாட்டிய வண்டிதான். அதன் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோல எழுந்துபோய்க் கொட்டகைக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன். அது சும்மா நின்றது.

“டயர ஒருத்தன் ஒதைக்கலீங்களே” என்றார் ஆறுக்குட்டி. குரல் இறங்கிவிட்டது. “இருவது வருசமா ஒதச்சு ஒதச்சு வெல சொன்னனுங்க. இவங்க கண்ணாலயே சொல்றாங்க.”

அவர் போன் அடித்தது. பேசி முடித்து மடியில் வைத்தார்.

“யாருங்க?”

“கோத்தகிரில ஒருத்தரு. இதே மாதிரி வண்டி அவுரு தோட்டத்துல கெடக்குது. எஞ்சின் கெடையாது, கோழி அடைஞ்சிருக்கு. ரெண்டு லட்சத்துக்கு நேத்துத்தான் பேசி முடிச்சேன். அவுரு மவ இந்த ஏலத்தப் பாத்துட்டு இருக்குதாம். எட்டு கேக்கறாருங்க.”

“கோழியோடயா?”

“கோழி தனி.”

மாமா மறுபடியும் சிரித்தார். இந்த முறை நிறுத்தவில்லை. எனக்கும் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை என்று எழுதத் தோன்றுகிறது. சரியாகத் தெரியவில்லை.

ஒன்று நாற்பத்தேழுக்குக் கடிகாரம் சுழியத்தைத் தொட்டு நின்றது. இருபத்திரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஜெய்ப்பூர். பூனாக்காரர் தோற்றுவிட்டார். கடைசியாக ஒரு வரி போட்டிருந்தார்: ‘உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.’

ஆறுக்குட்டி ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்றார்.

“நான் வெலை சொல்ற காலம் போச்சுங்க, பாலு. ஆனா ஒண்ணு. அது போறத நல்லா உக்காந்து பாத்துட்டனுங்க.”

அவர் ஜீப் இறக்கத்தில் போகும் சத்தம் கேட்டது. மாமா அத்தைக்குப் போன் செய்து, வீடு உறுதி, சாமான் கட்டலாம் என்றார். விலையைச் சொல்லவில்லை. வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

“மகன். பிள்ளை என்ன சொல்லிச்சு?”

நான் வாயால் சொல்லியிருக்கலாம். ஹெட்போன் வயரை உருவிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, வீடியோவை ஓட்டினேன். புகை வந்தது, போனது. எஞ்சின் சீராக ஓடியது. அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறாள்.

“போதும், ஆஃப் பண்ணுங்க. வாங்குறவங்க ஓட்டவும் கொஞ்சம் மிச்சம் வைங்க.”