கடலைமிட்டாய் அறையின் மொழிச் சட்டம்

சுவரும் கூரையும் இல்லாத ஓர் அறைக்கு நந்தகோபால் அரசனாக இருந்தான். கோவில்பட்டிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தகரக் கூரையிட்ட இணைய மையத்தின் மூன்றாம் கணினியே அவனுடைய அரியணை. இரண்டாயிரத்து மூன்றில் அவன் தொடங்கிய அரட்டை அறைக்குக் ‘கடலைமிட்டாய்’ என்று பெயர். புனேவுக்கும் துபாய்க்கும் பெங்களூருக்கும் பிழைக்கப்போன கரிசல்காட்டுப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் அங்கே கூடினார்கள். அறையில் தமிழ் மட்டுமே பேச வேண்டும். பிறமொழிச் சொல் ஒன்று விழுந்தாலும் ஒருநாள் வெளியேற்றம். இதுதான் அவன் வகுத்த சட்டம். புனே ஆலையில் வேலைபார்த்த இசக்கிராஜா, இந்தியில் ‘அச்சா’ என்ற குற்றத்துக்காகப் போன வாரம்தான் வெளியே நின்றிருந்தான்.

ஐப்பசி மாதத்து அந்த ஞாயிறு சாதாரண ஞாயிறு அன்று. மாலை ஐந்து மணிக்கு இருபது பேர் இருந்தால் அறை நிரந்தரமாகும், ஒருவர் குறைந்தாலும் அழிக்கப்படும் என்று அரட்டைத் தளத்தார் அறிவித்திருந்தார்கள். நாலே முக்காலுக்கு இருபத்திரண்டு பேர் கூடிவிட்டார்கள். நந்தகோபால் மீசையைத் தடவிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரை தடதடத்தது.

புதூர்ப் பக்கம் அவன் அப்பா காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு, ஒரு மாதமாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நந்தகோபாலுக்குத் தலைகால் புரியவில்லை. மழை வந்துவிட்டதென்று, வீட்டில் பேசும் தெலுங்கிலேயே ‘வான ஒச்செ’ என்று தட்டிவிட்டான்.

 இசக்கிராஜாவின் வரி மெல்ல எட்டிப்பார்த்தது: “அண்ணாச்சி, சட்டம் ஒங்களுக்கும் உண்டும்லா?”

நந்தகோபால் தன்னைத்தானே வெளியேற்றிக்கொண்டு, பக்கத்துக் கணினியில் இருந்த துணைத்தலைவி ஜெயப்பிரியாவின் பின்னால் போய் நின்றான்.

தலைவரைத் தனியே அனுப்ப இசக்கிராஜாவுக்கு மனம் வரவில்லை. இந்தியில் மழையை எழுதிவிட்டு வெளியேறினான். துபாயிலிருந்து சௌந்தரபாண்டியன் அரபியில் மழை பெய்வித்தான். பெங்களூர்ப் பொன்மணி கன்னடத்தில் பெய்வித்தாள். கடமை தவறாத ஜெயப்பிரியா ஒவ்வொருவராகத் தூக்கினாள். எஞ்சியவர்கள் பதினெட்டுப் பேர்.

“நிறுத்து ஜெயா, அறையே போயிரும்” என்றான் நந்தகோபால்.

“சட்டம் நீங்க போட்டதுதான அண்ணாச்சி?”

“அப்ப மாத்து.”

“தலைவருதான் மாத்தணும். அவிய வெளிய நிக்காவ.”

தலைவர் இல்லாதபோது துணைத்தலைவியே தலைவி என்பதும் அவன் எழுதிய சட்டமே. அது இருவருக்கும் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஜெயப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்து புதுச் சட்டம் தட்டினாள்: எந்த மொழியிலும் பேசலாம், அடுத்த வரியில் தமிழில் பொருள் சொல்ல வேண்டும், பழைய தண்டனைகள் ரத்து.

நால்வரும் மடை திறந்ததுபோல உள்ளே பாய்ந்தார்கள். மணி ஐந்து அடித்தபோது அறையில் இருபத்திரண்டு பேர். ‘நிரந்தரம்’ என்று பச்சை எழுத்து மின்னியது.

அடுத்த கணம் இசக்கிராஜா ‘வான ஒச்செ’ என்றான். சௌந்தரபாண்டியனும் அதையே சொன்னான். பொன்மணியும் சொன்னாள். திரை முழுவதும் தெலுங்கு மழை. பொருள் சொல்லத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

ஜெயப்பிரியாவின் விரல் வெளியேற்றும் பொத்தான்மேல் நின்றது. அவள் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு விரலை எடுத்து, இருபத்திரண்டாவது ‘வான ஒச்செ’யைத் தானே தட்டினாள்.