மஞ்சள் கோடு போட்ட தேக்கு

ஜெயவேலுவின் சட்டைப் பையில், கையெழுத்துப் போட்ட செக் ஒன்று இருந்தது. பக்கத்திலேயே ஒரு மஞ்சள் பெயிண்ட் பேனா. தொண்ணூற்று ஐந்தாம் வருஷத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே நின்ற பச்சை வேனில் ஏறும்போது இரண்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செக் என்பது அவருடைய பி.எஃப். பணத்தில் மிச்சமிருந்தது மொத்தமும். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக உழைத்து, போன மாதம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். பேனாவும் அங்கே பிடித்த பழக்கம்தான். ஒரு நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேல் மஞ்சள் கோடு இழுக்க வேண்டும். பார்த்தாகிவிட்டது, இனி இது என் பொறுப்பு என்று அர்த்தம். ஜெயவேலுவின் கோடு கடைசியில் கொக்கி மாதிரி வளையும். ரிட்டயர் ஆன பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் கட்டில் போல்ட், குக்கர் கைப்பிடி, காஸ் சிலிண்டர் எல்லாவற்றிலும் கொக்கி.

"தபால் ஆபீஸ்ல போட்டா மாசாமாசம் வட்டி வரும்யா. உன்னைய யார் மரம் வளக்கச் சொன்னது?" என்றாள் மனைவி செல்லியம்மாள், சீட்டில் உட்கார்ந்ததுமே.

"இத்தினி வருசமா என் காசை கம்பெனிக்காரனும் கவர்மென்டும் பாத்துகினான். இனிமே நான் பாத்துக்கறேன். தொழிலாளிக்கு மூளை இல்லியா?"

"கீது. அதை வூட்ல வச்சிட்டு வந்துட்ட."

பின் சீட்டில் கிபாயத்துல்லா சிரித்தார். அதே தொழிற்சாலையில் வெல்டர். ஜெயவேலு ஏற்கெனவே ஒரே ஒரு தேக்கு மரம் வாங்கி, நேரில் போய்ப் பார்த்தும் வந்திருந்தார். அவர் பேச்சைக் கேட்டு கிபாயத்துல்லாவும் ஒரு மரத்துக்குப் பணம் கட்டிவிட்டார். இன்று அந்த மரத்தைப் பார்க்கப் போகிறார். ஜெயவேலுவோ, மிச்சப் பணம் அத்தனையும் போட்டுத் தோப்பே வாங்கும் முடிவில் இருந்தார். 'மரத்தை நான் பாக்காம செக்கு பையை விட்டு வெளிய வரக்கூடாது' என்பது செல்லியம்மாளின் நிபந்தனை. மதியம் பிரியாணி இலவசம் என்பது, தேக்கு வளர்த்துத் தருவதாகச் சொல்லி மரம் விற்கும் கம்பெனியின் ஏற்பாடு.

செங்கல்பட்டு தாண்டி, செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி வேன் தோட்டத்தில் போய் நின்றது. கழுத்தில் டை கட்டிய ராஜகோபால், ஊழியர் என்பதைவிட மாப்பிள்ளை மாதிரி கைகூப்பி வரவேற்றான்.

"முதல்ல பாய் சாரோட மரம். இப்படி வாங்க."

வேலி ஓரத்தில் பத்தடி உயரத்துக்கு ஒரு தேக்கு நிமிர்ந்து நின்றது. கம்பியில் கட்டிய பலகையில் 'திரு. கிபாயத்துல்லா' என்று பளபளவென்று எழுதியிருந்தது. கிபாயத்துல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பேத்தியைத் தடவுவது போல மரத்தைத் தடவினார்.

"மச்சான், இன்னா ஒசரம் பாரு! மாஷா அல்லாஹ்!"

தடவிக்கொண்டே மரத்தின் பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றார்.

"ஜெயவேலு, இங்க கொஞ்சம் வா."

பின்பக்கம், முழங்கால் உயரத்தில், ஒரு மஞ்சள் கோடு. கடைசியில் கொக்கி.

ஜெயவேலு கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். போன தடவை இதே மாதிரி ஒரு மரத்தில் 'திரு. ஜெயவேலு' என்று பலகை தொங்கியது. குனிந்து கட்டுக்கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தது நினைவில் இருந்தது. கோடு போட்டது நினைவில் இல்லை. கைக்குத் தெரிந்திருக்கிறது.

செல்லியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இது நம்ம வூட்டு குக்கர்ல கீற கொக்கியாச்சே!"

"என் மரம் எங்க சார்?" என்றார் ஜெயவேலு.

ராஜகோபால் டையைத் தளர்த்தினான். "உள்ள இருக்கு சார். அந்தப் பக்கம் பாம்பு நடமாட்டம்…"

உள்ளே பார்த்தார்கள். முழங்கால் உயரக் கன்றுகள், வெயிலில் தலை சாய்ந்து நின்றன. பாம்பு படுக்கக்கூட நிழல் இல்லை.

"மேடம், சத்தம் வேணாம்," ராஜகோபால் குரலை இறக்கினான். "ரெண்டு பேரோட பணத்தையும் இப்பவே தந்துடறேன். மத்தவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

செல்லியம்மாள் தலையாட்டினாள். பணத்தை வாங்கி, கிபாயத்துல்லாவின் பங்கைக் கொடுத்துவிட்டு, தங்களுடையதை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே, மரம் பார்க்க வந்த மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தலுக்குப் போய் பிரியாணிக்கு உட்கார்ந்தாள். ராஜகோபாலே ஓடி ஓடிப் பரிமாறினான். லெக் பீஸ் அவள் இலைக்குத்தான் போயிற்று.

கை கழுவி வந்ததும் வேன் படிக்கட்டில் ஏறி நின்றாள்.

"அண்ணா, அக்கா, அல்லாரும் கேட்டுக்கோங்க! காட்டறது ஒரே மரம்தான், பலகையைத்தான் மாத்தி மாத்தித் தொங்க வுடறான்! பின்னாடி எங்க வூட்டுக்காரர் கோடு கீது, போய்ப் பாருங்க!"

"மேடம், சொல்ல மாட்டேன்னு தலையாட்டினீங்களே!"

"சோறு துன்னுற வரிக்கும் சொன்னனா?"

கூட்டம் வேலிப் பக்கம் ஓடியது. அன்று ஒருவரும் மரம் வாங்கவில்லை. ஏற்கெனவே கட்டியிருந்தவர்கள் பணத்தைக் கேட்டு ராஜகோபாலைச் சூழ்ந்துகொண்டார்கள். டை யார் கைக்கோ போயிருந்தது. வேன் கிளம்பவே சாயங்காலம் ஆகிவிட்டது.

மறைமலை நகர் வந்தபோது ஜெயவேலுவுக்கு மறுபடி பேச்சு வந்தது. "பாத்தியா? என் காசை நானே பாத்துகினதாலதான் கண்டுபுடிச்சேன்."

"நீ எங்க பாத்த? உன் கைதான் பாத்துச்சு."

கிபாயத்துல்லா பின் சீட்டிலிருந்து ஆமோதித்தார்.

மறுநாள் காலை தபால் ஆபீஸில், கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் கணக்குத் திறந்தார்கள். கவுன்ட்டரில் பாஸ்புக்கை வாங்கிய செல்லியம்மாள், கணவரின் பையிலிருந்து பேனாவை உருவினாள்.

"இன்னாடி பண்ற?"

அட்டை மேல் மஞ்சளில் ஒரு கோடு இழுத்தாள். கொக்கி மட்டும் சரியாக வரவில்லை. பேனாவை அவரிடமே நீட்டினாள்.

"கொக்கி நீ போடு."