அடிக்காத அப்பன்

இரண்டு மடங்கு விலை சொல்லிப் பாதிக்கு இறங்கி வரும் காதர்பேட்டை பனியன் வியாபாரி வீட்டில் பிறந்தவன் நான். சட்டம் படிக்கப் போயும் அந்தப் புத்தி போகவில்லை.

தூக்குத் தண்டனை பெற்ற மயில்சாமிக்காக மேல்முறையீடு செய்த வக்கீலிடம் சம்பளமில்லாமல் உதவிக்குச் சேர்ந்திருந்தேன். அவன் வளர்ந்த விதத்தை விசாரித்து எழுதிவரச் சொன்னார்; கொடுமைப்பட்டு வளர்ந்தவன் என்று காட்டினால் தண்டனையை ஆயுளாகக் குறைக்க அது உதவுமாம். பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் அவன் அப்பா நாச்சிமுத்துவைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தேன்.

"சின்ன வயசுல அவனை அடிப்பீங்களா?"

"இல்லீங்க தம்பி. தாயில்லாப் பையன், கை ஓங்க மனசே வராதுங்க."

"குடிப்பீங்களா?"

"டீ குடிப்பனுங்க."

பேனாவை மூடினேன். "எல்லாத்தையும் நல்லதாவே சொன்னா எப்படிங்க? ரெண்டு சேத்திச் சொல்லுங்க. ஜட்ஜுங்க எப்படியும் பாதியத் தள்ளிருவாங்க."

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுச் சற்று யோசித்தார்.

"அப்பன் குடிச்சுப்போட்டுத் தெனமும் பெல்ட்டுல அடிச்சான்னு எழுதிக்குங்க. சூடு வெச்சேன்னும் போடலாமுங்களா? அயர்ன் பாக்ஸு நம்ம கையிலதான இருக்குது. இது போதுங்களா, பையன் பொழச்சுக்குவானுங்களா?"

பாதி எழுதியிருந்தேன். அதற்குமேல் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "வேண்டாங்க. அடிக்கலைன்னே எழுதிக்கறேன்," என்று அந்த வரிகளை அடிக்கப் போனேன்.

ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ, அழிச்சுப்போடாதீங்க தம்பி. நான் அடிச்சனுங்க."