வாசல் மணிக்குள் இருந்தது

அக்காவின் கம்பெனி கேமரா வைத்த வாசல் மணி செய்து விற்கிறது. அங்கே வருகிற புகார்களுக்குப் பதில் போடுவது தங்கையின் வேலை. மணி அடிக்கவில்லை, படம் தெரியவில்லை, மழையில் தானாக அடிக்கிறது என்று தினமும் மெயில் வரும். ஒரு நாள் வந்ததில் மட்டும் புகாரே இல்லை. நான் வாங்கிய மணியின் மூல நிரலை அனுப்பி வைக்கவும் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பேக்கிங் பார்க்கிற, எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிற ஊழியரிடம் காட்டினாள். மூலத்துக்கெல்லாம் நம்மிடம் மருந்து இல்லை என்று எழுதிவிடு என்றார் அவர். அவளும் சிரித்துவிட்டு வழக்கமான பதிலை அனுப்பினாள்: மணியைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள்.

அடுத்த மெயில் நீளமாக வந்தது. மணிக்குள் ஓடும் மென்பொருள் முழுக்க உங்களுடையது இல்லை, எங்கெங்கோ இருக்கிற பல பேர் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்தது என்று ஆரம்பித்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்கியவர் கேட்டால், செய்த மாற்றங்களோடு மூல நிரலை, அதாவது மென்பொருளை எழுதிய வரிகளை, கொடுத்தாக வேண்டும். அதன் லைசென்ஸ் அப்படி.

அக்காவுக்கு எரிச்சல் வந்தது. "சும்மா கிடைச்சதை எடுத்தோம். அதுக்கு என்ன லைசென்ஸ்? தொழில் ரகசியம், தர முடியாதுன்னு எழுது."

தங்கைக்கு எழுதக் கை வரவில்லை. அக்காவை வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனாள். சும்மா கிடைத்ததுதான், ஆனால் நிபந்தனையோடு கிடைத்தது என்றார் வக்கீல். நிபந்தனையை மீறினால் விற்கிற உரிமையே போய்விடலாம். போனில் ஓடும் ஆப்பை நீங்கள் தனியாக எழுதியதால் அது உங்களோடு இருக்கட்டும், மணிக்குள் இருப்பதைக் கொடுத்துவிடுங்கள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், ஒன்றுமே புரியவில்லை என்றாள்.

கொடுக்கலாம் என்று தேடினால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் நிரல் அரைகுறையாகத்தான் இருந்தது. கம்பெனிக்காக அதை மாற்றி எழுதியவர் அக்காவின் கணவராக இருந்தவர். விவாகரத்தோடு கம்பெனியையும் விட்டுப் போனவர். அக்கா அவரோடு பேசுவதில்லை.

தங்கைதான் அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனாள். மாமா என்று வாய் வரை வந்துவிட்டது. இப்போதும் அப்படிக் கூப்பிடலாமா, சார் என்பதா என்று தெரியாமல் முழுங்கிவிட்டு, "நல்லா இருக்கீங்களா?" என்று மொட்டையாக ஆரம்பித்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். "நான் மாத்தினதை எல்லாம் அப்பவே பொதுவுல போட்டுட்டேன்மா. பெட்டிக்குள்ள லைசென்ஸ் சீட்டும் வைக்கணும்னு அக்காகிட்ட சொன்னேன். அவளுக்கு அப்போ என் குரல் கேட்டாலே ஆகாது."

அந்த இணையப் பக்கத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. கம்பெனியின் பெயர்தான் இருந்தது. அவர் செய்தது நல்லதா துரோகமா என்று வழியெல்லாம் யோசித்தும் தங்கைக்குப் பிடிபடவில்லை.

நம் சரக்கைத் தெருவில் போட்டுவிட்டாரே என்று அக்கா கொதித்தாள். அதில் இருந்த பெயரைத் தங்கை சொன்னதும், "கம்பெனி பேரையா போட்டிருக்கார்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் போன பிறகு வேறு ஆள் செய்த மாற்றங்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. அவற்றைப் பொருத்திக் கொடுக்க அவரே வர வேண்டியிருந்தது. மீட்டிங் ரூமில் அக்காவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து நிரலைப் பற்றி மட்டும் பேசினார்கள். பேக்கிங் அண்ணனுக்கு அந்தக் கண்ணாடிக் கதவுப் பக்கம் திடீரென்று நிறைய வேலை வந்தது.

நிரல் போய்ச் சேர்ந்தது. பெட்டிகளில் சீட்டும் ஏறியது. சில வாரத்தில் அந்த வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. மழை பெய்தால் மணி தானாக அடிக்கிறதே, அதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன், எல்லோருக்கும் உதவட்டும் என்று எழுதியிருந்தார். தங்கைக்கு வருகிற புகார்களில் பாதி அதுதான்.

அதை மணிக்குள் சேர்க்க மறுபடி அக்காவின் பழைய கணவரே வந்தார். அடுத்த அறையில் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, அக்கா அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"நமக்காக இவர் எதுக்குடி உழைக்கணும்?"

"தெரியலைக்கா."

"அவருக்கு நான் என்னன்னு சொல்றது?"

எந்த அவர் என்று தங்கை கேட்பதற்குள், மெயிலுக்கு நீயே பதில் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து அடுத்த அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. தங்கை வணக்கம் என்று அடித்தாள். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று அவளுக்கும் தெரியவில்லை.