தலையும் வாலும் வெட்டிய நாற்பத்தோரு ஒலிகள்

அத்தை கல்லூரிக்கே வருகிறேன் என்று சொன்னபோது அவனுக்கு மறுக்க வாயில்லை. பதினொரு மாதமாக, தேடிப் பார்க்கிறேன் அத்தை, தேடிப் பார்க்கிறேன் என்று நாளைக் கடத்தியவன் அவன்தான். வீட்டுக் கணினியில் இல்லை, கல்லூரிக் கணினியில் இருந்தாலும் இருக்கும் என்று போன வாரம் வாயை விட்டவனும் அவன்தான். அது போதும் அவருக்கு. இரண்டு பேருந்து மாறி, வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அவர் கேட்டது பெரிய விஷயமில்லை. செத்துப்போன மகளின், அவன் மனைவியின், குரல். ஒரு வாக்கியம் இருந்தால்கூடப் போதும் என்றார்.

இந்தக் காலத்தில் யார் செத்தாலும் குரல் மட்டும் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அவளுடையது கிடக்கவில்லை. சாலையைக் கடக்கும்போது லாரி பின்னோக்கி வந்து மோதியதில் அவளோடு அவள் கைபேசியும் நொறுங்கியது. அத்தை அதற்கு முந்தைய மாதம்தான் பழைய கைபேசியைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கியிருந்தார். கல்யாண வீடியோ இரண்டேகால் மணி நேரம் ஓடுகிறது. எடுத்தவர் முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டை ஊற்றி வைத்திருந்தார். அவள் சிரிக்கிறாள், திரும்பி யாரிடமோ ஏதோ சொல்கிறாள், உதடு அசைகிறது, பாட்டு கேட்கிறது. மற்ற வீடியோக்களில் அவளே இல்லை. கேமராவைப் பிடித்திருப்பவள் அவள். படம் ஓடும்போது மூச்சுகூட விடக் கூடாது என்று அவளைப் பழக்கியவனும் அவன்தான்.

மாப்பிள்ளைக்குத் தொழிலே ஒலிதானே, அந்த வீட்டிலா அவள் பேசின ஒரு சொல் இருக்காது என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி.

இருந்தது. நாற்பத்தோரு முறை இருந்தது.

அவன் வேலைக்குச் சேர்ந்த வருடம் கல்லூரியின் ஒலிக்கூடத்தில் சுவரும் மேசையும்தான் இருந்தன. மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு செய்முறை: அன்றாடக் காட்சிகள், அன்றாட ஒலிகள், மூன்று நிமிடம். பாட்டு கூடாது, பேச்சு கூடாது. மாதிரிக்குக் கொடுக்க ஒலிகள் வேண்டுமே. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவிடாமல் வேலை வாங்கினான். அவன் மைக்கைப் பிடித்தான். அவள் கை வேலை செய்தது. மேசை இழுப்பறையைத் திறந்தாள். டப்பாவில் அரிசி கொட்டினாள். பையின் ஜிப்பை இழுத்தாள், படுக்கை விரிப்பை உதறினாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பத்து நொடி ஆடாமல் நில் என்று கையைக் காட்டுவான். நாலு நொடிதான் தாங்குவாள். அதற்குமேல் வாய் சும்மா இருக்காது.

பிறகு அவன் உட்கார்ந்து வெட்டினான். தொடங்குவதற்கு முன்னால் இருப்பது தலை, முடிந்த பிறகு இருப்பது வால். இரண்டும் குப்பை என்று ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவான். இடத்தை அடைக்கிறது என்று மூலக் கோப்புகளை அன்றன்றே அழித்தும்விட்டான். பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் கத்திரிக்கோல் சார்.

அவள் போன பிறகு நாற்பத்தொன்றையும் திறந்து, வால் பக்கம் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிக் கேட்டுப் பார்த்தான். மின்விசிறி கேட்டது. கீழ்வீட்டு மோட்டார் கேட்டது. அவன் வேலை அவ்வளவு சுத்தம்.

இதைத்தான் அத்தையிடம் சொல்ல வேண்டும். வாசலிலேயே சொல்லிவிடுவது என்றுதான் போனான். அவர் முகத்தைப் பார்த்ததும் மென்று முழுங்கி, இன்றைக்குப் பிள்ளைகளின் படங்களைத் திரையிடுகிறோம், ஒரு மணி நேரம் உட்காருங்கள் என்றான். அதற்கென்ன, இத்தனை நாள் பொறுத்தவளுக்கு ஒரு மணி நேரமா என்று கூடவே நடந்தார்.

கடைசி வரிசையில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். வெளியிலிருந்து மார்க் போட வந்தவங்களா சார் என்று ஒருத்தன் காதைக் கடித்தான். வீட்டிலிருந்து வந்தவங்க என்றான். அதைக் கேட்டுப் பிள்ளைகள் இன்னும் ஒடுங்கி உட்கார்ந்தார்கள்.

முதல் படத்தில் விடுதிக் குழாய்கள். இரண்டாவதை எடுத்தவள் பூனை என்று எல்லோரும் கூப்பிடும் பெண், நடப்பதே தெரியாது. மொட்டைமாடியில் புறாக்கள். ஒன்று கழுத்தைத் திருப்புகிறது, ஒன்று தானியத்தைக் கொத்துகிறது, பிறகு அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. அவள் பதிவு செய்ததில் சாலை இரைச்சல்தான் விழுந்திருக்கிறது. ஒலிக்கூடத்துத் தொகுப்பிலிருந்து ஏழாம் எண் ஒலியை எடுத்து இறக்கைகளுக்குப் போட்டிருந்தாள்.

ஏழாம் எண் படுக்கை விரிப்பு. இரண்டு உதறல், கொஞ்சம் இடைவெளி, மூலையை நீவிவிட மூன்றாவதாக ஒரு சின்ன உதறல். அந்த மூன்றாவது வேண்டாம் என்று அன்றைக்கு மனைவியிடம் சொல்லியிருந்தான், அவள் கேட்கவில்லை. புறாக்கள் இரண்டு முறை பலமாக அடித்து, மூன்றாம் முறை மெல்ல அடித்து, மேலே போயின. வகுப்பு கைதட்டியது.

திரும்பிப் பார்த்தான். அத்தை எல்லோரையும் போலப் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? இருபதுக்குப் பதினெட்டு என்று அவன் கை எழுதியது.

மூன்றாவது, எதற்கும் நேரத்துக்கு வராததால் லேட்டு என்று பெயர் வாங்கிய பையனுடையது. அவன் அம்மாவின் தையல் இயந்திரம், பொத்தான் டப்பா, கத்தரி. அழகாகத்தான் போயிற்று. படம் முடிந்து திரை கறுத்த பிறகும் ஒலி நிற்கவில்லை. வாலை வெட்ட மறந்திருந்தான். இருட்டில் ஓர் அம்மாவின் குரல் வந்தது.

"முடிஞ்சுதாடா? உங்க சாருக்கு வேற வேலை இல்லையா? அந்த மைக்கை என் மூக்குல இடிக்காம தள்ளிப் பிடி."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. லேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கடைசி வரிசையிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. பதினொரு மாதத்தில் அத்தை சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் சிரித்து முடிக்குமுன்பே அது பட்டென்று நின்றது. ஏன் நின்றது என்று அவன் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வால் விட்டால் ஐந்து மார்க் போகும். அது அவன் போட்ட சட்டம். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"வெட்டிட்டு வா," என்றான். "ஆனா மூலத்தை அழிக்காதே."

"இடத்தை அடைக்கும்னு நீங்கதானே சார்..."

"அடைக்கட்டும்."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வெளியே போனார்கள். அத்தை எழுந்து முன்வரிசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்தப் பையன் மறந்து விட்ட மாதிரி, நீங்க ஒண்ணையாவது விட்டிருக்க மாட்டீங்களா மாப்பிள்ளை?"

பூசி மெழுகியிருக்கலாம். இன்னும் ஒரு வாரம் தேடுகிறேன் என்றிருக்கலாம். அதற்கும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

"விடல அத்தை. அந்தத் தப்பை நான் பண்ணினதே இல்லை."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மூன்று ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்தோரு ஒலி, வெட்டினது, அழித்தது, இத்தனை மாதம் பொய் சொன்னது. சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அத்தை திட்டவில்லை. திட்டுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருக்கறதைப் போடுங்க."

முதல் ஒலி, இழுப்பறை. மரம் மரத்தில் உரசி, உள்ளே சில்லறைச் சாமான்கள் உருண்டன. ஆறு நொடி. நின்றது.

"இதுக்கு அப்புறம் என்ன சொன்னா?"

அவனுக்குப் புரியவில்லை.

"ஏதோ சொன்னதால தானே வெட்டினீங்க? என்ன சொன்னா? கேட்டுத்தானே வெட்டியிருப்பீங்க."

அவன் கேட்டு வெட்டுவதில்லை. கோப்பைத் திறந்தால் திரையில் ஒலி கோடாகத் தெரியும். அமைதி என்றால் கம்பி மாதிரி நேர்க்கோடு, பேச்சு என்றால் புதர் மாதிரி அடர்ந்த கோடு. புதர் தெரிகிற இடத்தை வெட்டிப் போட வேண்டியதுதான். நாற்பத்தொன்றையும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வெட்டினான். அப்படித்தான் வேகமாக முடியும்.

"பார்த்து வெட்டினேன் அத்தை. கேக்கல."

அத்தை திரையில் நின்றிருந்த கோட்டைப் பார்த்தார்.

"சரி. பக்கத்துல நின்னீங்களே. ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எனக்காக இட்டுக்கட்ட வேண்டாம்."

"இழுப்பறையில என் சாக்ஸ் ஒண்ணு ஜோடி இல்லாம கிடக்குன்னு சொன்னா."

அத்தை தலையாட்டினார். அடுத்தது அரிசி. சிந்தினதை நீங்கதான் பொறுக்கணும் என்றிருந்தாள். அதற்கடுத்தது ஜிப். எங்கயாவது கிளம்பலாமா என்று கேட்டாள். நாலாவது தண்ணீர். யோசித்தான். மறுபடி போட்டுக் கேட்டான். இல்லை. ஐந்து, இல்லை. ஆறு, இல்லை.

ஏழாவதைப் போட்டதும் அத்தையே முந்திக்கொண்டார். "இது அந்தப் புறா இல்ல?"

"இல்ல அத்தை. இவதான். படுக்கை விரிப்பை உதறுறா."

"அப்படியா," என்றார் அத்தை. இன்னொரு முறை போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எனக்குப் புறாதான் தெரியுது," என்றார். உதறிய பிறகு அவள் என்ன சொன்னாள் என்பதும் அவனுக்கு ஞாபகமில்லை.

நாற்பத்தொன்றும் முடிந்தபோது ஆறுக்குத்தான் அவனிடம் பதில் இருந்தது. அத்தை அந்த ஆறை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். வாய்க்குள் கூடவே சொல்லிப் பார்ப்பது தெரிந்தது, மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி. சாக்ஸைச் சொன்னான். அரிசியைச் சொன்னான்.

"எங்கயாவது போகலாமான்னு கேட்டா."

அத்தை கையை உயர்த்தினார்.

"முதல்ல கிளம்பலாமான்னு சொன்னீங்க."

அவன் ஒலியை மறுபடி போட்டான். ஜிப் இழுபட்டது, நின்றது. இரண்டில் எது என்று அவனுக்குத் தெரியவில்லை.