ஆடாத படம்

கேமராவைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, "இதுவும் ஆடுதுங்க" என்றேன். முதலில் வாங்கியதில் படம் நடுங்குகிறது என்று திருப்பிக் கொடுத்திருந்தேன். பதிலுக்குத் தந்ததும் அதே லட்சணம். இந்தத் தடவை சண்டை போட்டே தீருவது என்றுதான் வந்தேன். பஸ்ஸில் வரும்போதே வசனமெல்லாம் தயார். என் வீட்டுக்காரர் வழக்கம்போல, தனக்கும் இந்த அம்மாவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அழகு நிலையம். பெரிய பார்லர் எல்லாம் இல்லை. வீட்டின் முன்னறையில் சாய்கிற நாற்காலி ஒன்று, நிலைக்கண்ணாடி ஒன்று, வெளியே ஒரு போர்டு. ஆனால் புருவம் திருத்துவதில் இந்த வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான், வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன். நூலைத் தொடமாட்டேன். சின்ன பிளேடு ஒன்றுதான், முடி முடியாக எடுப்பேன். வந்து படுக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இமைக்குச் சற்று மேலே பிளேடு போகும். வேலை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு நாற்காலியைச் சுற்றி வந்து, வாய் ஓயாமல் பேசியபடி படம் பிடித்துப் போடுவேன். பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். வினை என்னவென்றால், போன் எல்லா முகத்துக்கும் மாவு பூசிவிடுகிறது. "இது உங்க கைவேலையா, போன் வேலையா?" என்று ஒருத்தி கீழே எழுதிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! உள்ளதை உள்ளபடி காட்டுகிற கேமரா ஒன்று வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே கிளம்பினேன். கைப்பைக்குள் அடங்க வேண்டும், திரை என் பக்கம் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளையும் நாலு படம் எடுக்கலாம் என்று வீட்டுக்காரரும் தன் பங்குக்குச் சொல்லிவைத்தார்.

கடைக்காரர் தடிமனான கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். நான் கத்தினதெல்லாம் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கேமராவை எடுத்தார், எதிர்ப்பக்க மருந்துக்கடையின் போர்டைப் பிடித்தார், திரையில் ஓட்டிக் காட்டினார். ஆணி அடித்தாற்போல் எழுத்துகள் நின்றன. அப்புறம் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் நாலு இடத்தில் சுவரைப் பெயர்க்கிற கை அது. அந்தக் கை எடுத்த படம்கூட அசையவில்லை. பிறகு என்னிடம் தந்தார். நானும் அதே போர்டை எடுத்தேன். நடக்கிறபோது வருகிற குலுக்கலோ மூச்சு வாங்குகிற அசைவோ இல்லை, விடாமல் வேகவேகமாக ஒரு நடுக்கம். எழுத்துகளுக்குக் குளிர்வதுபோல் இருந்தது.

காலையிலிருந்து காபியாகக் குடித்துத் தள்ளியிருக்கிறேன் என்றேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று வந்தேன் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து எடுக்கச் சொன்னார். ஆடியது. இடது கைக்கு மாற்றச் சொன்னார். படம் நின்றுவிட்டது. திரும்ப வலது கையில் பிடித்தேன், திரும்ப ஆடியது. தயார் பண்ணி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

"போன்ல இப்படி ஆடலையே?" என்று கேட்டேன். அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

"போன் அதுவா சரி பண்ணிக்கும் மேடம். கை எவ்வளவு ஆடினாலும் வெளிய தெரியாது."

அப்படியென்றால் எத்தனை நாளாக? எந்த வீடியோவிலிருந்து? போட்டதையெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே வழுவழுவென்று, நல்ல பிள்ளையாக நின்றன. அந்தப் பாழாய்ப்போன போன் முகத்துக்கு மட்டுமா மாவு பூசியது? அத்தனை நாளும் நான் குனிந்து வேலை செய்த இமைகளை நினைத்தேன்.

அம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அவள் முதலில் டம்ளரைக் குறை சொன்னாள். அடி சரியில்லை, வைத்தால் நிற்கவில்லை என்று இருந்த டம்ளரையெல்லாம் மாற்றினாள். அப்புறம் ஊசியின் காது சின்னதாகிவிட்டது என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான்கூட அவளைக் கேலி செய்தேன், அவளும் சிரித்தாள். கட்டைவிரல் ஆள்காட்டி விரலை ஓயாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும், தூங்கினால்தான் நிற்கும். கடைசியில் ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிட்டேன். மாட்டும்போதெல்லாம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு அப்போது புரியவில்லை, கூச்சம் என்று நினைத்தேன். அவள் பயந்துபோயிருந்தாள்.

கடைக்காரர் உள்ளேயிருந்து வேறொரு கேமரா கொண்டுவந்தார். கையடக்கம்தான், விலைதான் ஒரு மடங்கு கூட. நடுக்கத்தை உள்ளேயே விழுங்கிவிடுமாம், ஓடிக்கொண்டே எடுத்தாலும் அசையாதாம். திரையை என் பக்கம் திருப்பி, எப்போதும் பேசுவதுபோல் ஏதாவது பேசச் சொன்னார். "வாங்க வாங்க, இன்னைக்கு யாரு வந்திருக்காங்க பாருங்க" என்று ஆரம்பித்தேன். திரையில் என் முகம் தெளிவாக நின்றது. மூக்கோரத்து மரு, தூக்கமில்லாத கண், எல்லாம் உள்ளபடி இருந்தன. சட்டத்துக்குள் மாட்டின போட்டோபோல அசையாமல் இருந்தேன். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது.

"அப்பாடா" என்றார் வீட்டுக்காரர். "நான்தான் அப்பவே சொன்னேனே, உன்மேல தப்பு ஒண்ணுமில்ல, கேமராதான் மட்டம்னு." அவர் அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதி. விலையைக்கூடக் கேட்காமல் பர்ஸை எடுத்துவிட்டார். என்னைக் கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் இவர் விலை கேட்காமல் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மேலும் பயம் வந்தது. இவருக்கும் தெரிந்துவிட்டதோ? தெரிந்துதான் இப்படி அவசரப்படுகிறாரோ? இதை வாங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. நானும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால், நாளைக் காலையில் வங்கியில் வேலை பார்க்கிற வாடிக்கை அம்மா ஒருவர் புருவம் திருத்த வந்துவிடுவார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "உன் கையில படுத்தா எனக்குத் தூக்கமே வருதும்மா" என்பார். சொல்வதோடு நிற்காமல் நிஜமாகவே தூங்கியும்விடுவார்.

"பில் போட்டுடலாமா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாங்க. முந்தினதே இருக்கட்டும்."

வீட்டுக்காரர் பர்ஸும் கையுமாக என்னைப் பார்த்தார். "அதுலதான் ஆடுதே."

"அதுலதாங்க தெரியுது."

"என்ன தெரியுது?"

புதுக் கேமராவை மேசைமேல் வைத்தேன். "என் கை ஆடுதுங்க" என்றேன். "எங்கம்மாவுக்கு ஆடின மாதிரியே ஆடுது. நாளைக்கு ஒருத்தங்க கண்ணை மூடிட்டுப் படுப்பாங்க. எனக்குப் பயமா இருக்குங்க."

கடைக்காரர் ஏதோ எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டார். நல்ல மனிதர். வீட்டுக்காரர் பர்ஸை மெதுவாகப் பைக்குள் வைத்தார். மேசைமேல் கிடந்த என் வலது கையின்மேல் தன் கையை வைத்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறபோது இருக்குமே, அந்த முகம். இரண்டு பேரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய பிடிக்குள்ளே, என் வளையல் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.