கரைக்கு வராத கப்பல்

கரியடுப்பை முதுகில் சுமந்து அதன் வாயுவில் ஓடிய பேருந்து தூத்துக்குடிக்குள் நுழைந்தபோது மழை வலுத்திருந்தது. யுத்தம் முடிந்து ஓராண்டு கடந்தும் பெட்ரோல் தட்டுப்பாடு நீங்காமையால், மேடு வந்த இடங்களிலெல்லாம் பயணிகளே இறங்கி வண்டியைத் தள்ளினர். அவர்களுள் மூத்தவர் செந்தூர்பாண்டி, ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே இரண்டு கோட்டை விதைப்பாடு நஞ்சை உடையவர், வயது ஐம்பத்திரண்டு. தூத்துக்குடியை அவர் காண்பது அதுவே முதன்முறை. அவ்வுண்மையை அறிந்தவர் தாம் ஒருவரே என்று அவர் நம்பியிருந்தார்.

மணமான புதிதில், வாய் திறவாத மனைவி பேச்சியைச் சிரிக்க வைக்க எண்ணி, தூத்துக்குடிக் கரையில் நின்ற கப்பலைத் தொட்டுப் பார்த்ததாக அவர் சொல்லிவைத்தார். தொட்டது மறு ஆண்டில் ஏறியதாயிற்று. பின்னர் அக்கப்பலுக்கு மரப்படியும் சிவப்பு நிறமும் பித்தளை மணியும் வந்து சேர்ந்தன. பேச்சி காட்டச் சொன்னபோதெல்லாம் நடவு என்றும் அறுப்பு என்றும் தட்டிக் கழித்தார். இனி அப்படித் தட்டிக் கழிக்க முடியாது. அவள் தம்பி இசக்கியப்பன் இரண்டு ஆண்டுகளாக இவ்வூர்க் கிட்டங்கியில் மூட்டைகளுக்குக் காவல். வரும் வெள்ளிக்கிழமை அவன் மகளுக்கு இங்கேயே திருமணம். ஆகவே, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை வாங்கப் போவதாகச் சொல்லி, ஒரே பகலில் நகரத்தைப் பாடம் செய்ய வந்திருந்தார். காலையில் கட்டுச்சோற்றைப் பையில் வைத்த பேச்சி, “ஒங்க கப்பலை நான் கேட்டதாச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

“எங்கன போகணும் அண்ணாச்சி? ஏறுங்க, குதிரையும் சும்மாதான் நனையுது” என்றான் குதிரைவண்டிக்காரன்.

“எனக்கு ஊரு தெரியும்வே.”

அவ்வாறு சொன்னபின் வழி கேட்க இயலுமா? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். ஒரு நாழிகைக்குப் பிறகு கடலுக்குப் பதிலாக உப்பளத்தில் நின்றார். ஓலை வேய்ந்த உப்பு அம்பாரங்கள், ஆளில்லாத குடிசைகளைப் போல வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. ஆலைச் சங்கு ஊதியது. இவ்வளவு பெரிய ஊரில், ‘நல்ல மழை’ என்று சொல்வதற்குக்கூட அவருக்கு ஒருவருமில்லை. வந்த வழியே திரும்பி, மாதா கோயிலைக் கடந்து, ஒருவாறு கடற்கரையை அடைந்தார்.

அங்கே தோணிகள் மட்டுமே இருந்தன. தார்ப்பாயின் கீழ் ஒதுங்கியிருந்த தோணிக்காரர் ஜேசுபாதம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“இன்னைக்குக் கப்பல் வரலையோ?”

“வந்து ரெண்டு நாளாச்சே.”

“எங்கன?”

ஜேசுபாதம் மழையைக் காட்டினார். “அந்தா, அஞ்சு மைலுக்கு அங்கன. கரையில ஆழம் ஏது? தோணிதான் போயிச் சரக்கு எடுத்துட்டு வரணும்.”

“முன்னால... ஒரு முப்பது வருசத்துக்கு முன்னால, கரையில வந்து நின்னிருக்குமோ?”

“எங்க தாத்தா காலத்துலயும் நின்னதில்ல. கரையில கப்பலைப் பாத்தேன்னு எவனும் சொன்னானா? அவன் தாமிரவருணியில எருமையைப் பாத்திருப்பான்!”

செந்தூர்பாண்டியும் சிரித்தார், ஜேசுபாதம் நிறுத்திய பின்னும் அவரால் நிறுத்த முடியவில்லை.

சென்ற பொங்கலுக்கு இசக்கியப்பன் வந்திருந்தபோது, “கப்பல் எம்புட்டுத் தூரத்துலடே நிக்கும்?” என்று பேச்சி கேட்டது தொழுவத்திலிருந்த அவர் காதில் விழுந்தது. விடை விழவில்லை. ஒரு வாரம் அஞ்சிக்கொண்டே சோறு உண்டார். அவளோ ஒன்றும் கேட்கவில்லை. மாறாக, அண்டைவீட்டுப் பெண்களிடம் அவரையே கதை சொல்லச் செய்து, “மணியை விட்டுட்டீங்களே” என்று எடுத்தும் கொடுத்தாள். அந்த மணிக்காக அன்று அவர் எவ்வளவு மகிழ்ந்தார்!

காலையில் அவள் ‘ஒங்க கப்பலை’ என்று சொன்னது, சொன்னபடியே, இப்போது மீண்டும் கேட்டது.

ஜேசுபாதத்தை நோக்கித் திரும்பி, “தோணியில பொம்பளையாளை ஏத்துவீகளா?” என்றார்.

“மழை விட்டா ஏத்தலாம். ஒங்க வீட்டுக்காரிக்குக் கப்பலு பாக்கணுமாக்கும்?”

“எனக்குந்தான்.”

மழை சற்றே மெலிந்தது. அடிவானத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கருமை தெரிந்தது. சிவப்போ கறுப்போ, சொல்ல முடியவில்லை. செந்தூர்பாண்டி தார்ப்பாயை விட்டு வெளியே வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“பேச்சி கேட்டதாச் சொல்லச் சொன்னா” என்றார், மெல்ல.

அடுத்த மழைச்சரம் தெற்கிலிருந்து வந்து அந்தக் கருமையை மூடியது. அவர் அவ்விடத்தையே பார்த்தபடி நின்றார். துண்டின் நுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.